பைபாஸுக்குப் பிறகு வீட்டுக்கு வாங்கியவை: சர்ஜிக்கல் கடைப் பொருட்களும் வீட்டுச் செவிலியர் சேவையும், மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு வயது 66. 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. சென்னையில், இதயக் குழாய்களில் இருந்த மூன்று அடைப்புகளுக்கு பைபாஸ் (அடைப்பைத் தாண்டி ரத்தம் போக, உடலின் வேறிடத்துக் குழாயை எடுத்து இணைக்கும் அறுவை) செய்து, எட்டாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகித் திருச்சி வீட்டுக்குத் திரும்பினோம். கிளம்பும்போது டிஸ்சார்ஜ் தாளின் பின்புறத்தில் வார்டு சிஸ்டர் பேனாவால் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார்: நெஞ்சு பெல்ட், மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவி, காலுக்கு ஸ்டாக்கிங்ஸ், பிரஷர் பார்க்கும் மெஷின், எடைக் கருவி, கமோட் நாற்காலி. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 7,300 ரூபாய் ஆயிற்று. இவை போதாதென்று, இரவில் உடனிருக்க ஒரு வீட்டுச் செவிலியர் சேவையையும் நாளொன்றுக்கு 900 ரூபாய்க்கு 20 நாட்கள் அமர்த்தினோம். இதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சர்ஜிக்கல் கடை வாசலில் நிற்கப் போகிறவர்களுக்காக, எது உதவியது, எது உதவவில்லை என்பதை எழுதுகிறேன். மருந்தையும் அளவையும் பற்றி முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான்.

பட்டியலில் இல்லாத ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டில் கிடந்த பழைய இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றைக் காரில் எடுத்துப் போயிருந்தோம். சென்னையிலிருந்து திருச்சி வரையிலும் சீட் பெல்ட்டுக்கும் அப்பாவின் நெஞ்சுக்கும் நடுவில் அதுதான் இருந்தது. செங்கல்பட்டைத் தாண்டியதும் அவருக்கு இருமல் வந்தபோது, பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தபடி இரண்டு கைகளாலும் தலையணையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு இருமினார். நடு நெஞ்செலும்பை நீளவாக்கில் பிளந்து மீண்டும் கட்டியிருக்கும் ஒருவருக்கு இருமல் எவ்வளவு பெரிய வலி என்பதை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. அடுத்த ஆறு வாரங்களுக்கு அந்தத் தலையணை அவரை விட்டுப் பிரியவில்லை.

650 ரூபாய்க்கு வாங்கிய பெல்ட்டைப் பற்றி எங்களுக்கு இருந்த எண்ணம் தவறானது. அது எலும்பைச் சேர்த்துப் பிடித்து வைக்கிறது என்று நினைத்திருந்தோம். உண்மையில் எலும்பைப் பிடித்து வைப்பவை உள்ளே முறுக்கிக் கட்டப்பட்டிருக்கும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். எலும்பு கூடுவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை ஆகும். பெல்ட் இருமும்போது சிறிது தாங்கல் தருகிறது, மற்ற நேரங்களில் ‘கையை ஓங்காதே, பாரம் தூக்காதே’ என்று நினைவூட்டுகிறது. கடைக்காரர் அப்பாவின் உடல்வாகைக் கண்ணால் அளந்து பெரிய அளவைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கட்டினால் வெல்க்ரோ முனை முதுகு வரை போயிற்று. மார்பின் சுற்றளவை டேப்பால் அளந்துகொண்டு போவது நல்லது. இறுக்கிக் கட்டினால்தான் பலன் என்று நினைத்து மூச்சு முட்டும் அளவுக்கு இழுத்துக் கட்டுவது, நுரையீரல் விரிய வேண்டிய நாட்களில் அதை விரியவிடாமல் செய்வதாகும். சித்திரை வெயிலில் உள்ளே பருத்தி பனியன் இல்லாமல் அணிந்தால் இரண்டே நாளில் வேர்க்குரு வந்துவிடும்.

இடது மார்பில் மரத்துப் போனாற்போலவும் எறும்பு ஊர்வது போலவும் இருப்பதாக அப்பா சொன்னபோது பெல்ட்டைத்தான் குற்றம் சொன்னோம். மார்புச் சுவரின் உட்புறத்திலிருந்து ஒரு தமனியைப் பிரித்தெடுத்து இதயத்தின் முன்பக்கக் குழாயோடு இணைக்கும்போது அங்குள்ள நரம்புகள் பாதிக்கப்படுவதால் வரும் உணர்வு அது என்றும், மாதக்கணக்கில் மெல்லக் குறையும் என்றும் பின்னர் தெரிந்தது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டுவது, தையலில் சீழ் அல்லது நீர் கசிவது, அசையும்போது நெஞ்செலும்பில் ‘கடக்’ என்ற ஓசை அல்லது உராய்வு தெரிவது ஆகிய மூன்றில் எது வந்தாலும் பெல்ட்டை இறுக்கிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுக் காயத்தில் கிருமித்தொற்று வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், வீட்டில் ஏற்கெனவே இருந்த குளுக்கோமீட்டருக்கு அந்த மாதம் இரண்டு டப்பா ஸ்ட்ரிப் செலவாயிற்று. அது வீண் செலவு அன்று.

மூன்று பந்துக் கருவி 280 ரூபாய். 600, 900, 1200 என்று எண்கள் பொறித்த மூன்று கண்ணாடிக் கூடுகள் போன்ற பிளாஸ்டிக் அறைகளில் ஒவ்வொரு பந்து, ஒரு குழாய், ஒரு வாய்த்துண்டு. அந்த எண்கள் ஒரு விநாடிக்கு உள்ளே இழுக்கும் காற்றின் மில்லிலிட்டர் அளவு. இதில் பலரும் செய்யும் பிழையை அப்பாவும் செய்தார்: குழாயை வாயில் வைத்து ஊதினார். பந்து அசையவில்லை என்று இன்னும் பலமாக ஊதினார். கருவி ஊதுவதற்கானது அன்று, உறிஞ்சுவதற்கானது. இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவது போல என்று நான் சொன்ன பிறகுதான் முதல் பந்து எழுந்தது. அடுத்த பிழை இன்னும் சுவையானது. மூன்று பந்துகளையும் ஒரே இழுப்பில் மேலே அடித்துவிட்டு, விளையாட்டில் வென்றவர் போல எங்களைப் பார்த்தார். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் அதற்குப் பாராட்டு தரவில்லை. முதல் இரண்டு பந்துகள் மேலே நிற்க, மூன்றாவது அடியிலேயே கிடக்கும்படி மெதுவாக இழுத்து இரண்டு மூன்று விநாடி பிடித்து வைக்க வேண்டும்; வேகமாக இழுத்தால் காற்று நுரையீரலின் அடிப்பகுதிக்குப் போய்ச் சேராது என்றார். கருவியைச் சாய்த்துப் பிடித்தால் பந்து எளிதில் ஏறும். அப்பா அதையும் கண்டுபிடித்துவிட்டார், அம்மாவும் உடனே கண்டுபிடித்துவிட்டார்.

வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவதால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்கிக் காய்ச்சல் வருவது, பைபாஸ் முடிந்தவர்களுக்கு அடிக்கடி நேரும் தொல்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்குப் பத்து முறை என்ற கணக்கில் இந்தக் கருவியைக் கொடுப்பதற்கு அதுதான் காரணம். ஆயினும், இது ஏதோ மாயக் கருவி என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. பைபாஸ் நோயாளிகள் குறித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த, கோக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வில், மற்ற மூச்சுப் பயிற்சிகளைவிட இது நுரையீரல் சிக்கல்களைக் கூடுதலாகத் தடுத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. எழுந்து நடப்பதும், ஆழ்ந்து மூச்சிழுப்பதும், சளியை இருமி வெளியேற்றுவதும் அதே வேலையைச் செய்பவை. இருந்தும் நான் இதைப் பரிந்துரைக்கக் காரணம் உண்டு: ‘ஆழமாக மூச்சு விடுங்கள்’ என்று சொன்னால் எந்த அப்பாவும் கேட்பதில்லை, பந்தைத் தூக்கச் சொன்னால் கேட்கிறார்கள்.

ஸ்டாக்கிங்ஸைப் பற்றி அவ்வளவு நல்லபடியாகச் சொல்ல முடியவில்லை. இணை 1,450 ரூபாய். இரண்டு இணைப்புகளுக்கு வலது காலின் உட்புறத்திலிருந்து ரத்தக் குழாய் எடுத்திருந்ததால், கணுக்கால் முதல் தொடை வரை ஒரு நீண்ட தையலும், மாலையானால் வீக்கமும் இருந்தன. மார்பிலிருந்து எடுக்கும் தமனி பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் நூற்றில் தொண்ணூறு பேருக்குத் திறந்தே இருக்கும், காலிலிருந்து எடுக்கும் குழாய்களில் அந்தக் காலத்துக்குள் ஏறக்குறைய பாதி அடைத்துக்கொள்ளும் என்பதை அறிந்த பிறகு, அந்த வீங்கிய கால்மீது எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்கூட உண்டாயிற்று. ஸ்டாக்கிங்ஸின் குறை அதன் தரத்தில் இல்லை, அதை மாட்டுவதில்தான் இருக்கிறது. அப்பா குனிந்து இழுக்கக் கூடாது. மூட்டுவலிக்கார அம்மாவால் தரையில் உட்கார்ந்து இழுக்க முடியாது. விரல் பக்கம் திறந்திருக்கும் வகையாக இருந்ததால் ஒரு வழி கிடைத்தது: பாதத்தில் வழுவழுப்பான பாலித்தீன் பையை மாட்டி, அதன்மேல் ஸ்டாக்கிங்ஸை ஏற்றிவிட்டு, பையை விரல் பக்கமாக உருவி எடுத்துவிட வேண்டும். மேல் விளிம்பு சுருண்டு தொடையில் கயிறு போல் இறுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அளவு எடுப்பதானால் வீக்கம் இல்லாத காலை நேரத்தில் கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்துகொண்டு போங்கள். இரண்டாவது முறை வாங்குவதாக இருந்தால், மருத்துவர் ஒப்பினால், முழங்கால் வரை வரும் வகையைத்தான் வாங்குவேன்.

கமோட் நாற்காலி 1,900 ரூபாய். எங்கள் வீட்டில் இருப்பது குந்தி உட்காரும் கழிப்பறை; அதிலிருந்து குழாயைப் பிடித்து இழுத்து எழுவது நெஞ்செலும்புக்கு ஆகாது. நாற்காலியில் கைப்பிடி இருந்தது, ஆனால் அதையும் இரு கைகளால் ஊன்றி எழக் கூடாது, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து தொடை பலத்தால் எழ வேண்டும் என்று பிசியோ சொல்லிக் கொடுத்தார். ஒரு காலில் ரப்பர் புஷ் இல்லாமலே அட்டைப் பெட்டியில் வந்தது. ஈர டைல்ஸில் அது வழுக்கியதைக் கவனிக்காமல் இருந்திருந்தால் இந்த மதிப்பீட்டின் தொனியே வேறாக இருந்திருக்கும். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும், முக்குவது கூடாது என்பதால், மருத்துவர் சொன்ன இசப்கோல் நாற்காலியைவிட முக்கியமாக இருந்தது.

இப்போது பிரஷர் மெஷினுக்கு வருகிறேன். மேற்கையில் கட்டும் டிஜிட்டல் வகை, 2,100 ரூபாய். இந்தப் பட்டியலில் எங்களுக்குத் தீங்கும் நன்மையும் செய்த ஒரே பொருள் இதுதான். பத்தாம் நாள் காலையில் 104 என்று மேல் எண் காட்டியது. பல ஆண்டுகளாக 150-ஐப் பார்த்துப் பழகிய எங்களுக்கு அது ஆபத்தாகத் தெரிந்தது. மருத்துவமனைக்குப் போன் செய்யாமல், ‘பிரஷரைக் குறைக்கும் மாத்திரைதானே’ என்று மெட்டோபுரோலாலை நானே இரண்டு நாள் நிறுத்திவிட்டேன். அந்த மாத்திரை பிரஷருக்காக மட்டும் கொடுக்கப்பட்டது அன்று. அறுவைக்குப் பின் இதயத் துடிப்பு தாறுமாறாவதைத் தடுப்பதும் அதன் வேலை. திடீரென நிறுத்தக் கூடாத மருந்துகளில் அதுவும் ஒன்று. இவையெல்லாம் டிஸ்சார்ஜ் தாளில் இருந்திருக்கலாம். நான் படித்தது மாத்திரைப் பெயர்களை மட்டும்.

பன்னிரண்டாம் நாள் இரவு எட்டு மணிக்கு அப்பா, “நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுற மாதிரி இருக்கும்மா” என்றார். மெஷினைக் கட்டினோம். முதல் முறை நாடி 128. இரண்டு நிமிடம் விட்டு மறுபடி கட்டினால் 97. மூன்றாம் முறை எண்ணே வராமல் பிழைக் குறி. மூன்று முறையும் திரையின் ஓரத்தில் ஓர் இதயப் படம் ஒழுங்கற்று மினுக்கியது; அதுவரை அந்தக் குறியை நான் கண்டதில்லை. கையேட்டைப் புரட்டினால் ‘சீரற்ற துடிப்பு’ என்று இருந்தது. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தேன்: இரண்டு துடிப்பு அவசரமாக, ஓர் இடைவெளி, பிறகு ஒன்று, பிறகு மூன்று. தாளம் தப்பிய தவில் போல என்று பிறகு அம்மாவிடம் சொன்னேன். அரை மணி நேரத்தில் மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்தார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதற்குப் பதிலாக வெறுமே நடுங்குவது.

பைபாஸ் செய்தவர்களில் ஏறத்தாழ மூன்றிலோ நான்கிலோ ஒருவருக்கு இது வருகிறது. பெரும்பாலும் அறுவைக்குப் பின் இரண்டாம், மூன்றாம் நாட்களில், மருத்துவமனையில் இருக்கும்போதே வந்துவிடும். சிலருக்கு வீடு திரும்பிய பிறகும் வரலாம். அறுவையால் இதயத்தைச் சுற்றி உண்டாகும் அழற்சி, ரத்தத்தில் பொட்டாசியம் குறைவது, மெட்டோபுரோலால் வகை மருந்து நின்றுபோவது ஆகிய எல்லாமே காரணமாகலாம். நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம் என்பதுதான் இதில் பெரிய அச்சம். நான் மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னபோது பணியிலிருந்த மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. ‘அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்’ என்றார். அமியோடரோன் என்ற மருந்தைக் கொடுத்து மறுநாள் மாலைக்குள் துடிப்பு சீரானது. ரத்தம் உறையாமலிருக்கச் சில வாரங்களுக்கு மாத்திரை சேர்ந்தது.

ஆகவே மெஷினை வாங்குங்கள்; வாங்கிய அன்றே, எந்த எண் வந்தால் யாருக்குப் போன் செய்வது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கி அதன் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். எங்களுடையதில் இப்போது அந்தச் சீட்டு இருக்கிறது. துடிப்பு சீராக இல்லாதபோது இந்த மெஷின்கள் காட்டும் பிரஷர் எண்ணை அப்படியே நம்ப முடியாது, அதனால் மூன்று முறை பார்க்க வேண்டும் என்பதையும், கையிலிருந்து தமனி எடுத்திருந்தால் எந்தக் கையில் கட்டுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எடைக் கருவி 950 ரூபாய். பட்டியலில் இது எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. ‘என்ன, நான் சந்தைக்கு வந்த கெடாவா?’ என்று அப்பா சலித்துக்கொண்டார். காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுவதற்கு முன், அதே லுங்கியோடு எடை பார்த்து நோட்டில் எழுதினோம். மொசைக் தரையின் மேடு பள்ளத்தில் இடத்துக்கு இடம் அரை கிலோ மாறியதால், ஒரு கட்டத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து அதிலேயே வைத்தோம். மூன்றாம் வாரத்தில் இரண்டே நாளில் 1.6 கிலோ ஏறியிருந்தது. அன்றிரவு படுத்தால் மூச்சு வாங்கியது. எக்ஸ்ரேயில் இடது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. பைபாஸுக்குப் பின் இடப்பக்கம் கொஞ்சம் நீர் சேர்வது வழக்கமே. கூடினால்தான் கவனிக்க வேண்டும். ஊசி போட்டு எடுக்கத் தேவைப்படாமல், நீர் மாத்திரையின் அளவைக் கூட்டியதில் பத்து நாளில் வடிந்தது. எடை நோட்டை மருத்துவர் கேட்டு வாங்கிப் பார்த்தார். அன்றோடு அப்பாவின் சலிப்பு நின்றது.

கடைசியாகச் சேவை. அறுவைக்குப் பின் ஐ.சி.யூவில் அப்பாவுக்கு இரண்டு நாள் மனக்குழப்பம் இருந்தது. கூரையைப் பார்த்து, பொன்மலைப் பணிமனையில் இருப்பதாக நினைத்து, ‘கிரேனை நிறுத்து’ என்று யாருக்கோ உத்தரவிட்டுக்கொண்டிருந்தார். வயதானவர்களுக்கு இது வந்து போவதுதான் என்றாலும், வீட்டில் இரவில் எழுந்து நடந்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் செவிலியரை அமர்த்தினோம். போனில் பேசியவர், செவிலியர் படிப்பு முடித்து, இதய அறுவை நோயாளிகளைப் பார்த்த அனுபவம் உள்ளவர் வருவார் என்றார். வந்த பெண்ணுக்கு 20 வயதுக்குள் இருக்கும்; ஒரு வாரப் பயிற்சி பெற்ற உதவியாளர். முதல் இரவே அப்பாவைப் படுக்கையிலிருந்து எழுப்ப இரு கைகளையும் பிடித்து இழுத்தார். அப்பா போட்ட சத்தத்தில் மாடிக் குடித்தனக்காரர் இறங்கி வந்துவிட்டார். முழங்காலை மடக்கி, மரக்கட்டையைப் புரட்டுவது போல ஒருக்களித்துப் படுக்க வைத்து, கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, முதுகைத் தாங்கி எழுப்ப வேண்டும் என்பதை நாங்கள்தான் அவருக்குக் கற்றுக் கொடுத்தோம். சோப்பும் தண்ணீரும் போதும், எதையும் பூச வேண்டாம் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பிய கால் தையலில் ஆன்டிபயாடிக் பவுடரைத் தூவினார். அந்தப் பெண்மீது எனக்குக் குறையில்லை. இரண்டே நாளில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார், அம்மாவுக்கும் துணையாக இருந்தார். செவிலியர் என்ற விலைக்கு உதவியாளரை அனுப்பிய நிறுவனத்தின் மீதுதான் குறை. சான்றிதழைக் கேட்டபோது ‘அலுவலகத்தில் இருக்கிறது’ என்ற பதில்தான் கடைசி வரை வந்தது. அமர்த்துவதற்கு முன்பே சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ‘பைபாஸ் நோயாளியை எப்படி எழுப்புவீர்கள்?’ என்ற ஒரு கேள்வியையும் கேளுங்கள்.

அதே பணத்தில் ஒரு பகுதியை வாரம் இருமுறை வந்த பிசியோதெரபிஸ்டுக்குக் கொடுத்தது நல்ல செலவாக இருந்தது. ஒரு வருகைக்கு 600 ரூபாய். முதல் வாரம் வராந்தாவில் ஐந்து நிமிடம், ஆறாம் வாரம் தெருவில் அரை மணி என்று நடையைக் கூட்டினார். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்பது அவர் வைத்த அளவுகோல். நான்காம் வாரத்தில் அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டதையும், சாப்பாடு ருசிக்கவில்லை என்றதையும், பிற்பகல்களில் காரணமில்லாமல் கண் கலங்கியதையும் முதலில் கவனித்தவர் அவர்தான். நாங்கள் அதை அசதி என்று நினைத்திருந்தோம். பைபாஸுக்குப் பின் மனச்சோர்வு பலருக்கும் வருவது, வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது என்றார். சர்ஜிக்கல் கடைப் பட்டியலில் அதற்கு ஒன்றும் இல்லை. பிறகு நடைப்பயிற்சியின்போது அவர் அப்பாவிடம் பழைய பணிமனைக் கதைகளைக் கேட்கத் தொடங்கினார். 1975-இல் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தது பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் என்பதை அப்பா ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொன்னார். பிசியோவும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டார்.

மூன்று மாதம் முடிந்துவிட்டது. போன வாரம் அடுத்த தெருவில் ஒருவருக்கு பைபாஸ் என்று அவர் மகன் வந்து கேட்டார். கமோட் நாற்காலியைக் கழுவி, புது ரப்பர் புஷ் போட்டுக் கொடுத்தோம். எடைக் கருவியையும் கொடுத்தோம். மூன்று பந்துக் கருவி ஒருவர் வாய் வைத்தது என்பதால் அதை மட்டும் கடையில் புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும் என்பதை அப்பாவே எழுந்து வந்து செய்து காட்டினார். பிரஷர் மெஷினைத் தரவில்லை. தலையணையை அவர்கள் கேட்கவில்லை.